தலைக்கவசத்துக்குள் இருந்தவர்

அப்பாவின் முப்பத்தோராம் நாளன்று, தமிழ்ப் பள்ளியில் என்னோடு படித்த உங்கள் எல்லோர் கையிலும் ஒரு கல்வெட்டுப் புத்தகம் தந்தோம். வழுவழுத்த தாள். அட்டையில் அப்பாவின் படம். அவருக்குப் பின்னால், அவர் வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போகாத கோயிலின் கோபுரம். நம்மவரில் ஒருவர் செத்தால் இப்படி ஒன்று அச்சடிக்காமல் நாம் விடுவதில்லை. நான்காம் பக்கத்தில் இருந்த கவிதை, யார் செத்தாலும் பெயரை மட்டும் மாற்றித் தருகிற ஒருவர் எழுதியது. அப்பாவுக்கென்று அவர் புதிதாகச் சேர்த்தது ஒரேயொரு வரி: ‘உரோமாபுரி வீரனாய்ப் பிரெஞ்சுத் திரையில் ஒளிர்ந்தவனே!’

உங்களில் இரண்டு பேர் அந்த வரியில் விரலை வைத்துக் கண் கலங்கினீர்கள். “ஓமடி, உன்ரை அப்பா கிளாடியேட்டர் எல்லே. நாங்கள் சின்னனிலை எவ்வளவு புளுகமாய்க் கதைப்பம்” என்றீர்கள். நான் தலையாட்டினேன். அதற்குள் வடையும் தேத்தண்ணியும் வந்துவிட்டன.

அந்த வரி பொய். கவிஞருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது என் தம்பி. தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா. அப்பா சொன்னபோதெல்லாம் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டது நான். நமக்கும் முதல் நரை விழுந்துவிட்டது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கடனைப் பற்றிக் கதைக்கிறோம். இந்த வயதிலும் உங்களை ஏமாற்றிக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் ஏமாறத் தயாராக இருந்த விதமும் அலுத்துவிட்டது.

பாரிஸ் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அப்பாவின் கடையை மறந்திருக்கமாட்டீர்கள். மணவறை வாடகைக்கு விடும் கடை. தூரத்தில் நின்று பார்த்தால் தங்கத் தூண்கள். கிட்டப் போய் நகத்தால் சுரண்டினால் நுரைப்பிளாஸ்டிக்கின் வெள்ளைப் பொரி உதிரும். பொன் வர்ணம் அடிக்கிற ஸ்பிரேயின் நெடி, பிளாஸ்டிக் மல்லிகையில் படிந்த தூசி, பின்னறைச் சுவரின் ஈர வாசம். கடையின் பெருமை, சிங்கக் கைப்பிடி வைத்த இரண்டு நாற்காலிகள். லா சப்பலில் ஏறிய தாலிகளில் பாதி அந்த நாற்காலியில் வைத்துத்தான் ஏறின. அப்பா அந்தக் கடைக்குள் சக்கரவர்த்தி. வெளியே இறங்கினால், விசாவுக்காகப் பிரெபெக்தூர் அலுவலக வரிசையில் நிற்கிற எல்லோரையும்போல் அவரும் ஒருவர். அந்த வித்தியாசத்தை அவரால் ஒருநாளும் பொறுக்க முடிந்ததில்லை.

யுத்தம் முடிந்த அந்த மாரியில் மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. இருபத்தாறு வயதிருக்கும். உயரம், கறுப்பு, அகன்ற தோள். இடது தோளில் கழுத்தடியிலிருந்து கைமூட்டுவரை ஒரு காயத் தழும்பு, உருகிய மெழுகைப்போல். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதற்கு நேரம் இல்லை. அப்பாவுக்குச் சாமான் தூக்க ஓர் ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். மாமா கடையின் பின்னறையில், சுருட்டி வைத்த சிவப்புக் கம்பளத்தை விரித்துப் படுத்தார்.

மாமாவிடம் பேப்பர் இல்லை. அப்பாவிடம் பத்து வருட விசா இருந்தது. ஆகவே அப்பாவின் கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவின் பெயரில், மாமா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மற்ற நேரத்தில் கடையில் தூண் தூக்கினார். கார்டில் இருந்த அப்பாவின் முகம் பூசணிக்காய். மாமாவின் முகம் வெட்டி எடுத்த கல். அம்மா பயந்தார்.

“உதிலை என்ன பயம்? வெள்ளைக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்” என்றார் அப்பா.

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

வசந்த விடுமுறைக்குச் சற்று முன்பு, கழுத்தில் மூன்று சால்வை சுற்றிய ஒரு பெண் கடைக்கு வந்தாள். தொலைக்காட்சிக்கு ஓர் ஆவணத் தொடர் எடுக்கிறார்களாம். பழைய ரோமாபுரியின் பேர்பெற்ற கிளாடியேட்டர்களைப் பற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவன். அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் சக்கரவர்த்திக்கு ஓர் இருக்கை வேண்டும். உண்மையான அரியாசனம் செய்யக் கட்டுப்படியாகாது. சிங்கக் கைப்பிடியைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. அப்பாவுக்குப் பிரெஞ்சு கடைத்தெரு அளவுக்குத்தான். பதினொரு வயதான நான்தான் இரண்டு பேருக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தேன்.

அப்போது மாமா பனியனோடு, தோளில் ஒரு தூணை வைத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தார். அவள் கதையை நிறுத்தினாள். மாமாவைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல. எந்த நாட்டு ஆள் என்று என்னிடம் கேட்டாள்.

“எங்கையான் ஆள் எண்டு கேக்கிறா.”

“என்ரை ஆள் எண்டு சொல்லு” என்றார் அப்பா.

ஃபிளாமா என்ற கிளாடியேட்டருக்கு அவள் ஆள் தேடிக்கொண்டிருந்தாளாம். ஃபிளாமா சிரியாக்காரன். அதற்கு யாழ்ப்பாணத்தான் போதுமென்று அவள் அந்த இடத்திலேயே தீர்மானித்தாள். வசனம் இல்லை, முகம் தெரியாது, சண்டை மட்டும். பேப்பர் இருக்கிறதா என்று கேட்டாள். அப்பா ஆணியில் தொங்கிய மாமாவின் சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து நீட்டினார். அவள் கார்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டாள். அவளுக்கு நாற்காலி முக்கியம்.

செய்தி இரண்டு தெரு தாண்டப் பத்து நிமிடம் எடுத்தது. அடுத்த நாள் ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் ஆண்கள் எல்லோரும் எங்கள் கடை வாசலில். மீன்கடைக்காரர், சலூன்காரர், போன் கார்டு விற்பவர். அவர்களுக்குத் தெரிந்த ஒரே கிளாடியேட்டர் ஸ்பார்ட்டகஸ். ஆகவே எல்லோருக்கும் ஸ்பார்ட்டகஸ்தான் வேண்டும். அடிமைகளைத் திரட்டிக்கொண்டு ரோமாபுரியை எதிர்த்தவன் ஆயிற்றே. தங்கள் கடையில் வேலை செய்கிற பொடியனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்காதவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பார்ட்டகஸாக நின்றார்கள். சால்வைக்காரி வந்து பார்த்து இரண்டு பேரை எடுத்தாள். பிணமாகக் கிடக்க.

பயிற்சிக்கென்று மாமாவுக்கு ஒரு மரவாளும் இரும்புத் தலைக்கவசமும் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தலைக்கவசம் இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. அதன் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. மொழுமொழுவென்று, ஒரு விளிம்போ அலங்காரமோ இல்லாத மொட்டைத் தலை. முகம் முழுவதையும் மூடும். கண்ணுக்கு மட்டும் இரண்டு சின்ன ஓட்டை. ஃபிளாமாவின் எதிராளி வலையும் முத்தலை ஈட்டியும் கொண்டு வருபவன். வலை சிக்கக்கூடாது என்பதற்காக மொட்டை, ஈட்டியின் முனை நுழையக்கூடாது என்பதற்காகச் சின்ன ஓட்டை.

அந்த விடுமுறையில் வலைக்காரன் நான். மணவறைக்கு மேலே கட்டுகிற பூவலையைக் கழற்றி, பின்னறையில் மாமாவின் மேல் எறிவேன். அது தலைக்கவசத்தில் பட்டு வழுக்கிக் கீழே விழும். பிளாஸ்டிக் மல்லிகை நாலாபக்கமும் சிதறும். தடிக்கம்பால் குத்தப் போவேன். மாமா சிவப்புக் கம்பளத்தில் விழுந்து செத்துப்போவார். கவசத்துக்குள்ளிருந்து அவர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வரும்.

“உள்ளுக்கை இருந்து பாத்தால் உன்ரை மூக்கு மட்டுந்தான் தெரியுது பிள்ளை.”

மாமா சிரித்து நான் கேட்டது அந்த இரண்டு கிழமைதான். அதுவும் இரும்புக்குள்ளிருந்து.

ஒருநாள் சால்வைக்காரி ஃபிளாமாவின் கதையைச் சொன்னாள். நான் கடையில் எல்லோருக்கும் மொழிபெயர்த்தேன். வென்ற கிளாடியேட்டருக்கு விடுதலை கொடுக்கும்போது ஒரு மரவாளைக் கையில் கொடுப்பார்களாம். ஃபிளாமாவுக்கு அப்படி நான்கு முறை கொடுத்தார்களாம். நான்கு முறையும் வேண்டாமென்றுவிட்டு மறுபடியும் அரங்குக்குள் இறங்கினானாம்.

“விசரன்” என்றார் சலூன்காரர்.

“வீரமடாப்பா, வீரம்!” என்றார் மீன்கடைக்காரர்.

“எங்கடை இனத்திலை உப்பிடி நாலு பேர் இருந்திருந்தால்…” என்று அப்பா பெருமூச்சு விட்டார். யுத்தகாலம் முழுவதும் அப்பா லா சப்பலில் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார்.

மாமா தூணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வெளியிலை போய் நிக்க அவனுக்கு இடம் இருந்திராது.”

அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஃபிளாமாவின் கல்லறை வாசகத்தை நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். நான்கு மரவாள் கதை அதில் கிடையாது. முப்பது வயது, முப்பத்துநான்கு சண்டை, சிரியாக்காரன், கூடச் சண்டையிட்ட தோழன் ஒருவன் இந்தக் கல்லை வைத்தான். அவ்வளவே. வேண்டாமென்று சொன்ன கதையெல்லாம் பின்னால் வந்தவர்கள் தங்கள் ஆசைக்குக் கட்டியது. சாகிறவன் ஒருவன், வீரம் பேசுகிறவன் வேறொருவன். இரண்டாயிரம் வருடமாக இதே ஏற்பாடுதான்.

படப்பிடிப்பு சேன்-தெனிக்கு அப்பால் ஒரு பெரிய தகரக் கொட்டகையில். அப்பாவுக்குக் கடை. அம்மாவுக்குக் கைக்குழந்தையாக என் தம்பி. அதனால் மாமாவின் வாயாகவும் காதாகவும் நானே ஆர்.ஈ.ஆர் ரயில் ஏறிப் போனேன். லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணல் பூனை மூத்திரம் நாறியது. சக்கரவர்த்தியாக நடித்த ஒல்லிப் பையன் எங்கள் சிங்க நாற்காலியில் இருந்து சாண்ட்விச் தின்றான். உதவி இயக்குநர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மாமா திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். திரும்பவில்லை. “உன் அப்பாவுக்குக் காது கேட்காதா?” என்று என்னைக் கேட்டான். கொஞ்சம் மந்தம் என்றேன்.

ஒப்பனை செய்த பெண் மாமாவின் தோளைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். தழும்பு நன்றாக இல்லையாம். வாள் வெட்டு இப்படி இருக்காதாம், பார்ப்பவர்கள் நம்பமாட்டார்களாம். மாவு போன்ற ஒன்றைக் குழைத்து அதை முழுவதும் மூடினாள். மேலே தூரிகையால் நீளமாக, சிவப்பாக, அழகான ஒரு புது வெட்டு வரைந்தாள்.

“என்னவாம்?” என்று மாமா கேட்டார்.

“ஊத்தையாம். துடைக்கினமாம்.”

மாமா கண்ணாடியில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை மட்டும் உண்மையாக இருந்தது. வலைக்காரனாக வந்தவன் சண்டைப்பயிற்சி எடுத்தவன், திட்டப்படி அடிக்கிறவன். மாமா திட்டத்தை மறந்துவிட்டார். வலை வழுக்கிய கணத்தில் அவர் உள்ளே புகுந்த வேகத்தில் அந்தப் பயிற்சிக்காரன் மணலில் மல்லாந்து விழுந்து, கையைத் தூக்கிவிட்டான். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். மாமா கவசத்தைக் கழற்றவேயில்லை. நான் கிட்டப் போனேன். உள்ளே மூச்சு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்தார். நான் நகரவில்லை.

அடுத்த மாரிகாலத்தில் படம் ஓடியது. கடையில் பெரிய தொலைக்காட்சி வைத்து அப்பா எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். உங்களில் பாதிப் பேர் மணவறைப் படியில் உட்கார்ந்து பார்த்தீர்கள். மாமா வரவில்லை, உணவகத்தில் வேலை. மொட்டைத் தலைக்கவசம் பாய்ந்தது, விழுத்தியது, நிமிர்ந்து நின்றது. கடைசியில் எழுத்துகள் ஓடின. ஃபிளாமா என்பதற்கு நேரே அப்பாவின் முழுப் பெயர்.

“பாத்தியளே, நான்தான்!” என்றார் அப்பா. பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அந்தப் பெயரை அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் பகிடி தேய்ந்துபோயிற்று. புறநகர் சார்செலிலிருந்து கலியாண அலங்காரம் பேச வந்தவர்கள், மாமாவைத் தெரியாதவர்கள், பெயரைக் கண்டுவிட்டு, “அண்ணை, நீங்கள்தானே?” என்றார்கள். “ஓம்” என்றார் அப்பா. படியில் தடுக்கி விழுந்த முழங்கால் வலி, ஈட்டி பட்ட வலியாயிற்று. வயிறு, சண்டையை விட்டதால் வந்த வயிறாயிற்று. உண்மை தெரிந்த மீன்கடைக்காரரும் சலூன்காரரும் வாயைத் திறக்கவில்லை. தெருவில் ஒரு கிளாடியேட்டர் இருப்பது அவர்களுக்கும் கௌரவம். கோப்பை கழுவுகிறவன் அந்தக் கௌரவத்துக்குத் தோதான ஆள் இல்லை. நம் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அப்பாவைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். துணிவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நீங்கள் கை தட்டினீர்கள்.

அந்தத் தொடரின் கடைசிப் பகுதி கொம்மோடஸ் சக்கரவர்த்தியைப் பற்றியது. உலகத்தையே ஆள்பவனுக்கு அது போதவில்லை, கிளாடியேட்டர் என்ற பெயரும் வேண்டுமாம். ஃபிளாமாவின் சண்டை முறையிலேயே அரங்கில் இறங்கினான். எதிராளிகள் சரணடைந்தே ஆக வேண்டும். ஒரு தீக்கோழியின் தலையை வெட்டிக் கையில் தூக்கிக்கொண்டு சபையினரைப் பார்த்து இளித்தானாம். நகரத்தில் நின்ற மாபெரும் சிலையின் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையை வைத்தானாம். சபையினர் சிரிப்பை அடக்க, தலையில் சூடியிருந்த இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்களாம். அவர்களுக்காவது சிரிப்பு வந்தது. நம்மவர்கள் மெய்சிலிர்த்தார்கள்.

என்னை விட்டுவிட்டு உங்களை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியில், வரலாற்று வகுப்பில் ரோமாபுரி வந்தபோது, என் அப்பா ஃபிளாமாவாக நடித்தவர் என்று எழுந்து நின்று சொன்னவள் நான். அதுவரை என் பெயரையே உச்சரிக்காத பிள்ளைகள் அன்றிலிருந்து எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். தமிழ்ப் பள்ளியில் நீங்கள் வரிசையில் என்னை முன்னால் விட்டீர்கள். அது எனக்கு இனித்தது. மாமா கடைக்கு வரும் நாட்களில் நான் பின்னறைக்குப் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

மாமாவுக்கு என்ன ஆனது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். அவருடைய அகதி வழக்கு எல்லா இடத்திலும் ரிஜெக்ட் ஆயிற்று. எங்கள் வீட்டில் நடந்ததற்கு ஒரு மாதத்துக்குள் அவர் பாரிசை விட்டுப் போனார். லாரிக்குள் கிடந்து வேறு நாட்டுக்குப் போய், அங்கேயும் வருடக்கணக்காகப் பேப்பர் இல்லாமல் இருந்து, இப்போது ஒரு குளிரூட்டிக் கிடங்கில் வேலை செய்கிறார். வருடப்பிறப்புக்கு அம்மாவுக்குப் போன் எடுப்பார். அந்தப் போனை நான் எடுத்தால், “அம்மாட்டைக் குடு பிள்ளை” என்பார். வேறொரு சொல் கிடையாது.

நடந்தது இதுதான். படம் வந்து மூன்று வருடமிருக்கும். எனக்குப் பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தார். மாமா அப்போது சார்செலில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார். அன்று சவரம் செய்து, கழுத்துப் பொத்தான் பூட்டி, கையில் ஒரு தாளோடு வந்தார். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மேசையோரம் நின்றார்.

“அத்தான், வழக்குப் பாக்கிற அவோகா ஒரு கடிதம் அடிச்சுத் தந்தவர். உங்கடை பேரிலை வேலை செய்தது நான்தானெண்டு நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணுமாம். செய்த வேலையைக் காட்டி விசாவுக்குப் போடலாமாம்.”

அப்பா எலும்பை உறிஞ்சிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். “வாசி.”

நான் தமிழில் சொன்னேன். உணவகத்தின் பெயர், வேலை செய்த காலம். கடைசி வரி: தொலைக்காட்சித் தொடரில் ஃபிளாமாவாக நடித்தவரும் இவரே.

அப்பா கையைத் துடைத்தார். “கோப்பை கழுவினது நீ. அதுக்குக் கையெழுத்து வைக்கிறன், எனக்கென்ன. அந்தக் கடைசி வரியை வெட்டு.”

“ஏன் அத்தான்?”

“படத்திலை நடிச்சது நானெல்லே.”

மாமா சிரித்தார், பகிடி என்று நினைத்து. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், வெளியிலை நீங்கள் என்னவும் சொல்லுங்கோ. நான் ஒருநாளும் ஒண்டும் சொன்னனானே? இது வீட்டுக்குள்ளை. எங்களுக்குள்ளை.”

“வீட்டுக்குள்ளையும் நான்தான்” என்றார் அப்பா. குரலில் நடுக்கம் இல்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவர் அதை நம்பிவிட்டார். “வேணுமெண்டால் பிள்ளையைக் கேள். அவள்தானே அங்கை நிண்டவள்.”

மாமா என் பக்கம் திரும்பினார். அவருக்குப் பயமே இருக்கவில்லை. கேள்வியை அப்பா கேட்டதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்ததுபோல் இருந்தது. “சொல்லு பிள்ளை” என்றார்.

அப்பாவுக்காக அல்ல. அம்மாவுக்காகவும் அல்ல. திங்கட்கிழமை கொலேஜ் வாசலில் நிற்கப்போகிற பிள்ளைகளை நினைத்தேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வரிசையில் உங்களை நினைத்தேன். அந்தப் பொய்யைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரெஞ்சில் சொன்னேன், தட்டைப் பார்த்துக்கொண்டு: “செத்தே பாப்பா.” அப்பாதான்.

அவ்வளவு பிரெஞ்சு அதற்குள் மாமாவுக்கு வந்திருந்தது.

அவர் தாளை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். வரியை வெட்டவில்லை. கையெழுத்துக் கேட்கவில்லை.

“பிள்ளை சொன்னால் சரி” என்றார். “அக்கா, வாறன்.”

படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்தார். அப்பா சட்டிக்குள் கரண்டியை விட்டு, நல்ல சதைத் துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.